பழைய தீவுன்னா உயிரினமும் அதிகமா இருக்குமா? எரிமலைத் தீவுகள் பத்தி ஒரு நீண்ட பதில்

"கடலுக்கு நடுவுல எரிமலை வெடிச்சு வந்த தீவு முதல்ல வெறும் பாறைதானே, அங்க மரம், பறவை எல்லாம் எப்படி வந்துச்சு? தீவுக்கு வயசு ஏற ஏற இனங்களும் கூடிக்கிட்டே போகும்னு ஒரு வீடியோவுல பாத்தேன், சரியா? நம்ம நாட்டுல இப்படித் தீவு இருக்கா?" இதான் நீங்க கேட்டது. மூணுல நடுவுல இருக்கற கேள்விதான் ஆணிவேர்னு எனக்குப் படுது, அதுக்கு ஒழுங்கா பதில் கிடைச்சா மத்த ரெண்டும் கூடவே வந்துடும். வீடியோ சொன்னது பாதி சரி. வயசு ஏறும்போது ஒரு கட்டம் வரைக்கும் இனங்கள் கூடும், அப்புறம் குறைய ஆரம்பிக்கும், கடைசில தீவே தண்ணிக்குள்ள போயிடும். அதனால ஒரு தீவுக்கு எத்தனை வயசுன்னு கேக்கறதை விட, அது வளர்ந்துக்கிட்டு இருக்கா, உடைஞ்சுக்கிட்டு இருக்கா, முங்கிக்கிட்டு இருக்கான்னு கேட்டா நிறைய புரியும். நான் படிச்சது ஜியாலஜி, காலேஜ்ல பல வருஷமா பசால்ட், அதாவது லாவா ஆறி உண்டாகற கறுப்புப் பாறைகள் பத்திதான் பாடம் எடுக்கறேன். உயிரியல்ல நான் ஆர்வத்தோட படிக்கற ஒரு வாசகன்தான், அதனால பாறை விஷயத்துல என் பேச்சை நம்பலாம், உயிரினங்கள் விஷயத்துல அந்தத் துறைக்காரங்க பொதுவா ஒத்துக்கிட்டதை மட்டும் சொல்றேன்.

உதாரணத்துக்கு ஹவாயை எடுத்துக்குவோம், ஏன்னா உலகத்துலயே இவ்வளவு சுத்தமா வரிசையா அமைஞ்ச தீவுக்கூட்டம் கிடையாது, பக்கத்துல எந்தக் கண்டமும் இல்ல, அமெரிக்கக் கரையே 3,500 கிலோமீட்டருக்கு மேல தள்ளி இருக்கு. பசிபிக் கடலுக்குக் கீழ மெல்ல நகர்ற பெரிய பாறைத் தட்டான பசிபிக் பிளேட்டுக்கு அடியில ஆழத்துல ஒரு இடம் அசாதாரண சூடா இருக்கு, அதைத்தான் ஹாட்ஸ்பாட்னு சொல்றோம். தையல் மெஷின்ல ஊசி ஒரே இடத்துல நிக்கும், துணி நகரும், தையல் வரிசையா விழும் இல்லையா, அப்படித்தான் சூடு ஒரு இடத்துலயே இருக்க, மேல பிளேட் வருஷத்துக்கு 7லேர்ந்து 10 சென்டிமீட்டர் வடமேற்கா நகர நகர எரிமலைங்க ஒன்னு பின்னாடி ஒன்னா வரிசையா விழுந்திருக்கு. தென்கிழக்குல இருக்கற பிக் ஐலண்ட் 10 லட்சம் வருஷம்கூட ஆகாதது, அங்க கிலாவேயாவும் மவுனா லோவாவும் இன்னும் வெடிக்குது. அதுக்கு மேற்க மாவி, மொலொகாய், ஒவாஹுன்னு வயசு ஏறிக்கிட்டே போய் கவாய் வரும்போது சுமார் 50 லட்சம் வருஷம். கவாயோட முடியல, அதுக்கு அந்தப் பக்கம் சின்னச் சின்னப் பாறைத் தீவுங்க, அப்புறம் பவளத் தீவுங்க, அப்புறம் தண்ணிக்கு அடியில மட்டும் இருக்கற மலைங்கன்னு கம்சட்கா பக்கம் வரைக்கும் சுமார் 6,000 கிலோமீட்டருக்கு இந்த வரிசை நீளுது, அந்தக் கோடியில இருக்கறதுக்கு 8 கோடி வருஷம். 1963ல டூசோ வில்சன்னு ஒரு கனடா ஜியாலஜிஸ்ட் இந்த ஹாட்ஸ்பாட் யோசனையை முன்வெச்சாரு, வரிசையில போகப் போக வயசு கூடுதுங்கறது அப்புறம் பாறைங்களை டேட்டிங் பண்ணி உறுதியானது, அதுல சந்தேகம் இல்ல. சந்தேகம் இருக்கறது வேற ரெண்டு இடத்துல. அந்தச் சூடு பூமியோட மேல் ஓட்டுக்குக் கீழ இருக்கற மேன்டில் அடுக்குல எவ்வளவு ஆழத்துலேர்ந்து எப்படி வருதுங்கறதுல இன்னும் வாக்குவாதம் ஓடுது, அந்த "ஊசி"யும் ஒரேயடியா நின்ன இடத்துலயே நிக்கல, பழைய பாறைங்களோட காந்தத்தை அளந்து பாத்தா ரொம்ப முந்தின காலத்துல அது தெக்க நகர்ந்திருக்குன்னு 2003 வாக்குல காட்டினாங்க.

இப்ப ஒரு தீவோட வாழ்க்கையைப் பாருங்க. பிக் ஐலண்டுக்குத் தென்கிழக்க கடலுக்குள்ள காமஎஹுவகனலோவான்னு ஒரு எரிமலை வளர்ந்துக்கிட்டு இருக்கு, முன்னாடி லோயிஹின்னு சொன்னாங்க, அதோட உச்சி இன்னும் தண்ணிக்குக் கீழ சுமார் 1,000 மீட்டர்ல இருக்கு, வெளிய தலை காட்ட இன்னும் பல்லாயிரம் வருஷம் ஆகும். தலை காட்டினதும் லாவா வேகமா கொட்டி மலை உயரும், மவுனா கியா கடல்மட்டத்துக்கு மேல 4,200 மீட்டர், கடலடியிலேர்ந்து அளந்தா 9,000 மீட்டரைத் தாண்டும். ஆனா இவ்வளவு எடையைத் தாங்காம கீழ இருக்கற பிளேட்டே வளையும், பிக் ஐலண்ட் இன்னைக்கும் வருஷத்துக்கு ரெண்டு மூணு மில்லிமீட்டர் கீழ இறங்கிக்கிட்டுதான் இருக்கு. அப்புறம் பிளேட் நகர்ந்து ஹாட்ஸ்பாட்டை விட்டு விலகினதும் புது லாவா வரத்து நின்னுடும், மழையும் அலையும் அரிக்கும், சில சமயம் மலையில பாதியே கடலுக்குள்ள சரியும். ஒவாஹுவுல கூலாவ் மலைக்கு அப்படித்தான் ஆச்சு, சரிஞ்சு போன துண்டுங்கள்ல ஒன்னு மட்டும் 30 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலடியில கிடக்கு. கடைசியா மலை முங்கி, சுத்தி வளர்ந்த பவளம் மட்டும் மேல மிஞ்சும், மிட்வே அப்படி ஒன்னு, வயசு சுமார் 2.8 கோடி வருஷம். முங்கற மலைக்கு மேல பவளம் வளர்ந்துக்கிட்டே வந்துதான் வளையத் தீவு உண்டாகுதுன்னு டார்வின் 1842லேயே எழுதினாரு, அந்தக் காலத்துல நிறைய பேர் ஒத்துக்கல, 1952ல பசிபிக்ல எனிவெட்டாக்ங்கற வளையத் தீவுல துளை போட்டப்ப 1,200 மீட்டருக்கு மேல பவளச் சுண்ணாம்பைத் தாண்டித்தான் பசால்ட் கிடைச்சுது. ஒரு மனுஷன் துளை போடாமலே யோசிச்சுக் கண்டுபிடிச்சதை 110 வருஷம் கழிச்சு பாறை ஒத்துக்கிச்சு, கிளாஸ்ல இதைச் சொல்றப்ப எனக்கு இன்னும் சிலிர்க்கும்.

சரி, வெறும் பாறைக்கு உயிர் எப்படி வருது? நாம நினைக்கறதை விட சீக்கிரம் வருது. ஹவாய்ல லாவா ஆறி சில மாசத்துலயே ஒரு ரெக்கையில்லாத சில்வண்டு வந்து குடியேறிடும், செடி ஒன்னுகூட முளைக்கறதுக்கு முன்னாடி. காத்துல அடிச்சுக்கிட்டு வர்ற இலைத்தூள், செத்த பூச்சின்னு இதைத் தின்னு வாழுது. அப்புறம் பாறையில ஒட்டி வளர்ற லைக்கன், பெரணி, ஓஹியாங்கற உள்ளூர் மரம். ஐஸ்லாந்துக்குத் தெக்க 1963ல கடல்லேர்ந்து எழுந்த சர்ட்சே தீவுல ரெண்டே வருஷத்துல முதல் செடி முளைச்சுது, ஆனா அங்க செடிங்க நிஜமா பெருகினது 1980கள்ல கடல்பறவைங்க கூட்டமா கூடு கட்டின அப்புறம்தான், பறவை எச்சம் இல்லாம அந்தப் பாறைக்கு நைட்ரஜன் இல்ல. சர்ட்சே பக்கத்துல நிலம் இருக்கு, ஹவாய்க்கு அது கிடையாது. ஹவாயோட பூக்கும் தாவரங்கள் சுமார் 1,000 இனம், அதுல பத்துல ஒன்பது வேற எங்கயும் இல்ல, இத்தனையும் 300க்கும் குறைவான முன்னோர்கள்லேர்ந்து வந்ததுன்னு கணக்கு போட்டிருக்காங்க. கோடிக்கணக்கான வருஷத்துக்கு இதைப் பிரிச்சா, ஜெயிச்சு வேர் பிடிச்ச வருகைங்கறது பத்தாயிரக்கணக்கான வருஷத்துக்கு ஒரு தடவைன்னு வரும். அதுல பெரும்பாலானது பறவை வயித்துலயும் இறகுல ஒட்டிக்கிட்டும் வந்தது.

யாரு வரலங்கறதும் அதே அளவு முக்கியம். மனுஷன் வர்றதுக்கு முன்னாடி அங்க எறும்பு கிடையாது, தவளை கிடையாது, பல்லி பாம்பு கிடையாது, நிலத்துல வாழற பாலூட்டின்னா வௌவால் மட்டும்தான். அப்ப அந்த வேலை எல்லாம் காலியா கிடந்துச்சு, வந்த சிலதுங்க அதை எடுத்துக்கிச்சு. இலை தின்னுக்கிட்டு இருக்க வேண்டிய கம்பளிப்புழு வகையில ஒன்னு ஹவாய்ல குச்சி மாதிரி அசையாம நின்னு பக்கத்துல வர்ற பூச்சியைப் பிடிச்சுத் தின்னுது. கலிபோர்னியாவுலேர்ந்து வந்த ஒரு சின்னச் செடி வம்சம்தான் ஹவாய்ல சில்வர்ஸ்வார்ட்னு சொல்ற வெள்ளி மாதிரி பளபளக்கற வட்ட இலைக்கொத்தாவும், புதராவும், மரமாவும், கொடியாவும் 30 இனங்களா பிரிஞ்சு நிக்குது. ஆசியாவுலேர்ந்து வந்த ஒரு குருவி வம்சம் 50க்கு மேல ஹனிகிரீப்பர் இனங்களா ஆச்சு, ஒன்னுக்கு தேன் உறிய வளைஞ்ச அலகு, ஒன்னுக்கு விதை உடைக்க கிளி மாதிரி அலகு.

ஆனா ஒரு முன்னோர் 30 ஆவோ 50 ஆவோ பிரியணும்னா நடுவுல தடுப்பு வேணும், அந்தத் தடுப்பைப் போடறது பாறைதான், இங்கதான் என் துறை உள்ள வருது. வளர்ற எரிமலையில லாவா ஓடும்போது நடுவுல ஒரு துண்டு காடு எரியாம தப்பிச்சு நிக்கும், ஹவாய்க்காரங்க அதைக் கிபுக்கான்னு சொல்வாங்க, அது தீவுக்குள்ள ஒரு தீவு. அதுல மாட்டிக்கிட்ட பூச்சிங்களுக்கும் அடுத்த கிபுக்காவுல இருக்கறதுக்கும் மரபணுவுல வித்தியாசம் வர ஆரம்பிச்சுடும். ஹாம்ப்டன் கார்சன்னு ஒரு மரபியலாளர், இறகுல படம் போட்ட மாதிரி இருக்கற டிரோசோபிலா ஈக்களோட குரோமோசோம் பட்டைகளை வெச்சு யாருக்கு யாரு சொந்தம்னு வம்சாவளி போட்டாரு, பொதுவா பழைய தீவுலேர்ந்து புதுத் தீவுக்குத் தாவின கதைதான் அதுல தெரிஞ்சுது, பிக் ஐலண்ட்ல இருக்கற அந்த வகை ஈக்கள்ல கிட்டத்தட்ட எல்லாமே அங்க மட்டும்தான் இருக்கு, தீவுக்கே 10 லட்சம் வயசு ஆகலங்கறதை ஞாபகம் வெச்சுக்கங்க. அப்புறம் லாவா நின்னு மழை வெட்ட ஆரம்பிச்சா வேற மாதிரித் தடுப்பு. கவாய்ல வைமியா பள்ளத்தாக்கு கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் ஆழம், ஒரு சரிவுல மழை வருஷத்துக்கு 10,000 மில்லிமீட்டர் பக்கம், கூப்பிடு தூரத்துல மலைக்கு அந்தப் பக்கம் 500. உயரமும் சரிவும் காத்துத் திசையும் சேர்ந்து ஒரே தீவை நூறு விதமான இடமா ஆக்கிடுது. இன்னொன்னு, மாவி, மொலொகாய், லானாய், கஹோலாவே நாலும் ஒரு காலத்துல ஒரே பெரிய தீவு, இன்னைக்கு இருக்கற பிக் ஐலண்டை விடப் பெருசு. அது முங்க முங்க நாலா பிரிஞ்சுது, பனிக்காலத்துல கடல் இறங்கினப்ப சில துண்டுங்க திரும்பச் சேர்ந்துது, திரும்பப் பிரிஞ்சுது. ஒரே கூட்டம் சேர்ந்து பிரிஞ்சு சேர்ந்து பிரியறதை விடப் புது இனம் உண்டாக நல்ல சூழ்நிலை வேற இல்ல.

மண்ணுலயும் இதே கதைதான், இது அதிகம் பேர் பேசாதது. பீட்டர் விட்டோசெக், ஆலிவர் சாட்விக் மாதிரி ஆளுங்க 300 வருஷ மண்ணுலேர்ந்து 41 லட்சம் வருஷ மண்ணு வரைக்கும் ஹவாய் வரிசை முழுக்க சோதிச்சாங்க. புது லாவாவுல பாஸ்பரஸ் தாராளம், நைட்ரஜன் இல்ல, ஏன்னா பசால்ட்ல நைட்ரஜன் கிடையாது, காத்துலேர்ந்துதான் மெல்லச் சேரணும். நடு வயசுல ரெண்டும் கிடைக்கற மாதிரி மண்ணு செழிப்பா இருக்கும். கவாய் மாதிரி கிழட்டு மண்ணுல நைட்ரஜன் இருக்கும், ஆனா பாஸ்பரஸ் எல்லாம் கரைஞ்சு போயோ இரும்பு, அலுமினியத்தோட பூட்டிக்கிட்டோ செடிக்குக் கிடைக்காது. அப்ப அந்தக் காடு எதை வெச்சு வாழுதுன்னு பாத்தா, மத்திய ஆசியாவோட பாலைவனத்துலேர்ந்து காத்துல ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வர்ற தூசி! 1999ல இதை வெளியிட்டாங்க, அந்த மண்ணுல இருக்கற தாதுக்கள்ல எது உள்ளூர்ப் பசால்ட், எது வெளியூர்த் தூசின்னு ஐசோடோப்புகளை, அதாவது ஒரே தனிமத்தோட எடை வேறுபட்ட அணுக்களை அளந்து பிரிச்சுக் காட்டினாங்க.

இப்ப உங்க வீடியோவுக்கு வருவோம். 1960கள்ல மக்கார்தர், வில்சன்னு (முன்னாடி சொன்ன ஜியாலஜிஸ்ட் வில்சன் இல்ல) ரெண்டு உயிரியலாளர்கள் தீவோட பரப்பும் கண்டத்துலேர்ந்து தூரமும்தான் இன எண்ணிக்கையைத் தீர்மானிக்குதுன்னு ஒரு கணக்கு சொன்னாங்க, அதுல தீவு மாறாம அப்படியே இருக்கற மாதிரி. 2008ல விட்டாக்கரும் கூட்டாளிகளும் தீவு தானே வளர்ந்து முங்குதே, அதையும் கணக்குல சேர்க்கணும்னு சொல்லி, நடுவுல ஏறி அப்புறம் இறங்கற ஒரு வளைவை முன்வெச்சாங்க. வடமேற்கு ஆப்பிரிக்கக் கரைக்கு எதிர்ல இருக்கற கேனரி தீவுகள்ல இது நல்லாத் தெரியும். ஃபுவெர்டெவென்சுரா 2 கோடி வருஷத்துக்கு மேல பழசு, பரப்புலயும் ரெண்டாவது பெருசு, ஆப்பிரிக்காவுக்கும் கிட்ட, வீடியோ சொன்ன கணக்குப்படி அங்கதான் தனி இனங்கள், அதாவது வேற எங்கயும் இல்லாத இனங்கள் குவிஞ்சிருக்கணும். ஆனா அது அரிஞ்சு அரிஞ்சு 807 மீட்டருக்குத் தாழ்ந்து வறண்டு கிடக்கு, அதை விட இளசான டெனரிஃப் 3,715 மீட்டர் உயரமும் மேகக் காடுமா இருக்கு, தனி இனங்களும் அங்கதான் மிக அதிகம். ஹவாய்ல முக்கியத் தீவுகளை மட்டும் பாத்தா கவாய்தான் பழசு, ஒரே தீவுக்குன்னு உரிய செடிங்களும் அங்கதான் அதிகம், வீடியோக்காரர் ஒருவேளை இதைப் பாத்துட்டுத்தான் அப்படிச் சொல்லியிருக்கலாம். கவாயைத் தாண்டி ஒரு எட்டு போனா நிஹோவா, 70 லட்சம் வருஷம், இப்ப ஒரு சதுர கிலோமீட்டர்கூட இல்ல, அந்தத் தீவுக்கே உரிய ஒரு பனை இனமும் ரெண்டு சின்னப் பறவை வகைகளும் இன்னும் தாக்குப்பிடிக்குது. அதையும் தாண்டினா பவள மணல்.

வளைவுங்கற யோசனை எல்லா இடத்துலயும் ஒரே அளவு பொருந்தலங்கறதையும் சொல்லிடணும். பரப்பும் உயரமும் வயசும் ஒன்னோட ஒன்னு பின்னியிருக்கறதால எது காரணம் எது விளைவுன்னு பத்துப் பன்னெண்டு தீவை வெச்சுப் பிரிக்கறது கஷ்டம், தாவரத்துக்குப் பொருந்தறது நத்தைக்குப் பொருந்தணும்னு இல்ல, கேனரி பக்கம் பிளேட் ரொம்ப மெதுவா நகர்றதால தீவுங்க ஹவாய் மாதிரி வேகமா முங்கறதும் இல்ல. உயரமான, உடைஞ்ச, நடு வயசுத் தீவுல புது இனங்கள் அதிகம்ங்கறது நல்லா நிலைச்ச கருத்து, அந்த வளைவோட துல்லியமான வடிவம் இன்னும் ஆராய்ச்சியில இருக்கறது.

இன்னொரு விஷயம் என்னை ரொம்ப நாளா விடாம பிடிச்சு வெச்சிருக்கு. ஹவாயோட லோபிலியாங்கற பூச்செடி வம்சம், 126 இனம், எல்லாம் ஒரே முன்னோர்லேர்ந்து சுமார் 1.3 கோடி வருஷத்துக்கு முன்னாடி ஆரம்பிச்சதுன்னு டிஎன்ஏ கணக்கு சொல்லுது, டிரோசோபிலா வம்சத்துக்கு அதை விட அதிகமாவே சொல்றாங்க. கவாய்க்கே 50 லட்சம் வருஷம்தானே, தீவு பொறக்கறதுக்கு முன்னாடி இதுங்க எங்க இருந்துச்சு? இப்ப முங்கிப்போன தீவுங்கள்ல. அங்க வந்து இறங்கி, அது தேயத் தேயப் பக்கத்துல புதுசா வந்த தீவுக்குத் தாவி, அதுவும் தேயும்போது அடுத்ததுக்குத் தாவி வந்திருக்கு. டிஎன்ஏ கடிகாரத்துல பிழைக்கு இடம் நிறைய இருக்கு, வருஷக் கணக்கை அப்படியே எடுத்துக்காதீங்க, ஆனா வம்சம் தீவை விடப் பழசுங்கறது பல உயிரினங்கள்ல திரும்பத் திரும்ப வருது. பாறைப் பக்கத்துலேர்ந்தும் ஒரு சாட்சி இருக்கு: அந்த வரிசையில எல்லா காலத்துலயும் உயரமான தீவு இருக்கல, நடுவுல சின்னதும் தாழ்வானதுமா மட்டும் இருந்த காலம் உண்டு, ஹவாய் வம்சங்கள்ல பாதிக்கு மேல கவாய் காலத்துக்கு அப்புறம் வந்ததுங்களா இருக்கறதுக்கு அதுதான் காரணம்னு ஜியாலஜியை வெச்சுச் சொல்றாங்க. முன்னாடி இருந்ததுங்க தாவ இடம் இல்லாம அழிஞ்சிருக்கும்.

அந்த அழிவு இப்பவும் கண்ணு முன்னாடி நடக்குது, அதுலயும் ஜியாலஜி இருக்கு. 1826 வாக்குல கப்பல் தண்ணிப் பீப்பாயில ஹவாய்க்குக் கொசு வந்துச்சு, பின்னால பறவை மலேரியாவும் சேர்ந்துக்கிச்சு, ஹனிகிரீப்பர் 50 சொச்சத்துல இப்ப மிஞ்சினது 17 பக்கம். கொசு ஏற முடியாத குளிர்ந்த உயரத்துலதான் அதுங்க பிழைச்சிருக்கு. மாவியோட ஹலேயகலா 3,000 மீட்டரைத் தாண்டும், அங்க இன்னும் ஏற இடம் இருக்கு. கவாய் முங்கி அரிஞ்சு 1,598 மீட்டர்ல நிக்குது, பூமி சூடாக ஆகக் கொசு அந்த உச்சி வரைக்கும் போயிடுச்சு, அங்க இருந்த அகிகிகி பறவை காட்டுல விரல் விட்டு எண்ற அளவுக்கு வந்துடுச்சு. 2023லேர்ந்து மாவி காட்டுல, பொண்ணு கொசுவோட சேர்ந்தாலும் முட்டை பொரியாத மாதிரி பாக்டீரியா ஏத்தின ஆண் கொசுக்களை ஹெலிகாப்டர்ல கொண்டு போய் விடறாங்க, அது ஜெயிக்கணும்னு நான் மனசார வேண்டிக்கறேன்.

நம்ம நாட்டுக் கேள்வி. ஹவாய் மாதிரி ஹாட்ஸ்பாட் வரிசை நமக்கும் உண்டு, நாம அதோட பழைய கோடியில இருக்கோம். 6.6 கோடி வருஷம் முன்னாடி மகாராஷ்டிராவுல தக்காண பசால்ட்டைக் கொட்டின அதே ஹாட்ஸ்பாட்தான், இந்தியா வடக்க நகர நகர லட்சத்தீவு, மாலத்தீவு, சாகோஸ்னு கடலடி முகட்டை வரிசையா விட்டுட்டுப் போச்சுன்னு பெரும்பாலான ஜியாலஜிஸ்ட்டுங்க சொல்றாங்க. அந்த ஹாட்ஸ்பாட் இன்னைக்கு மடகாஸ்கருக்குக் கிழக்க இருக்கற ரீயூனியன் தீவுக்கு அடியில இருக்கு, அங்க பிடோன் டி லா ஃபூர்னேஸ் எரிமலை அடிக்கடி வெடிக்குது, 19ஆம் நூற்றாண்டுல கரும்புத் தோட்டத்துக்குப் போன நம்ம தமிழ் ஆளுங்களோட வம்சம் அந்தத் தீவுலதான் இருக்கு. அப்ப லட்சத்தீவுல நாம பாக்கற பவள மணல், டார்வின் சொன்ன கடைசிக் கட்டம், மலை ரொம்ப ஆழத்துல புதைஞ்சிருக்கு, கடலுக்குள்ள உயிர் செழிப்பு உண்டு, தரையில அங்க மட்டும்னு சொல்ல ரொம்பக் கம்மி. அந்தமான் பக்கம் இருக்கற பேரன் தீவும் நார்கொண்டமும் எரிமலைதான், ஆனா வேற ஜாதி, ஒரு பிளேட் இன்னொன்னுக்குக் கீழ இறங்கறதால வர்றது. பேரன் இன்னும் வெடிக்குது, 2017லயும் வெடிச்சுது. நார்கொண்டம் அடங்கிப்போனது, சுமார் 7 சதுர கிலோமீட்டர், 710 மீட்டர் உயரம், முழுக்கக் காடு, உலகத்துல வேற எங்கயும் இல்லாத நார்கொண்டம் இருவாச்சி அங்க சுமார் ஆயிரம் இருக்கு. ஹவாய் அளவுக்கு இனங்கள் பிரிய அங்க இடமும் இல்ல, பக்கத்துல தாவ வேற மலையும் இல்ல, அதனால அந்தப் பறவையோட கணக்கு முழுசும் அந்த ஒரு மலையோட காட்டை வெச்சுத்தான்.